பழைய கேசட் டெக்: எடைக்குப் போடும் முன் ஒரு வார்த்தை



ஜெகதாப்பட்டினம் கடைவீதியில், மின்சாதனங்கள் பழுது பார்க்கும் ஒரு கடையில் அண்மையில் நாம் அமர்ந்திருந்தோம். வயதான அம்மா ஒருவர் பிஸ்கட் டின்னோடு வந்தார். உள்ளே ஏழெட்டு கேசட்டுகள். “தம்பி, இதுல எங்க வீட்டுக்காரவுக பேசுனது இருக்கு. ஒருக்கா கேக்கணும்” என்றார். கடைக்காரத் தம்பி தன்னிடமிருந்த பழைய டூ-இன்-ஒன்னில் போட்டுப் பார்த்தார். போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் மங்கலாக ஒரு குரல். ஒரு சொல்லும் புரியவில்லை. “கேசட் போயிருச்சும்மா” என்று திருப்பிக் கொடுத்தார்.

உண்மையில் அந்தக் கேசட் போகவில்லை. அது ஏன் என்பதை நம் கடைக்காரர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை வெளியிட்டது 1963இல். பின்னாளில் வளைகுடா நாடுகளுக்குச் சென்றவர்கள் ஊருக்குக் கொண்டுவந்த சாமான்களில் டேப் ரெக்கார்டருக்குத் தனி இடம் உண்டு. தொலைபேசி அரிதாக இருந்த நாட்களில் கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி, ஊருக்கு வரும் ஆளிடம் கொடுத்தனுப்பியவர்கள் பலர். நம் கரையோர ஊர்களில் அந்தக் கேசட்டுகள் இன்றும் பெட்டிகளில் கிடக்கின்றன. பேசியவர்களில் பலர் இப்போது இல்லை.

இனி தொழில் விஷயம். கேசட் நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர், ஒரு விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. விநாடிக்கு 5,000 அதிர்வுள்ள ஒலியின் ஓர் அலைக்கு நாடாவில் கிடைப்பது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு இடம்தான். இதைப் படிக்கும் ஹெட்டில் மெல்லிய ஒரு பிளவு உண்டு. அது நாடாவுக்கு நேர் செங்குத்தாக நிற்க வேண்டும். பதிவு செய்த மெஷினில் அந்தப் பிளவு சற்றுச் சாய்ந்திருந்தால் பதிவும் சாய்ந்தே விழும். வேறு சாய்வுள்ள மெஷினில் போட்டால் உச்ச ஒலிகள் அடிபட்டுப் போகும். ‘ச’, ‘த’ போன்ற எழுத்துகளின் கூர்மை அந்த உச்ச ஒலிகளில்தான் இருக்கிறது. ஆகவே குரல் கேட்கும், சொல் புரியாது. இந்தச் சாய்வை மெக்கானிக்குகள் ‘அசிமுத்’ என்பார்கள்.

இந்தச் சிக்கலுக்கு முழுத் தீர்வு கண்ட டெக்குகளில் புகழ்பெற்றது ஜப்பானின் நாகமிச்சி நிறுவனத்தின் ‘டிராகன்’. 1948இல் எட்சுரோ நாகமிச்சி தொடங்கிய நிறுவனம் அது. 1973இல் அழிக்க, பதிய, படிக்க என மூன்று தனி ஹெட்டுகள் கொண்ட ‘1000’ என்ற டெக்கை வெளியிட்டது. 1982இல் வந்தது டிராகன். அதன் ஹெட் ஒரே தடத்தை மேல் பாதி, கீழ் பாதி என்று இரண்டாகப் பிரித்துப் படிக்கும். இரண்டு பாதிகளிலும் ஒலி ஒரே நேரத்தில் வந்தால் சாய்வு சரி. ஒன்று முந்தினால், சிறு மோட்டார் ஒன்று ஹெட்டைத் தானாகவே திருப்பிச் சரிசெய்யும். எந்த மெஷினில் பதிந்த கேசட்டானாலும் டெக்கே அதற்கு வளைந்து கொடுக்கும். நாடாவை இழுக்க இரண்டு கேப்ஸ்டன்கள். ஒவ்வொன்றுக்கும் பெல்ட் இல்லாமல் நேரடியாகச் சுழற்றும் தனி மோட்டார். கேசட்டுக்குள் நாடாவை அழுத்தும் ஃபெல்ட் துண்டைக்கூட அது விலக்கிவிடும், உராய்வு குறைவு. இப்படிப்பட்ட டெக்குகள் இப்போது உற்பத்தியில் இல்லை. எனவே பழைய சாமானோடு ‘நாகமிச்சி’ என்று எழுதிய பெட்டி வந்தால், உறுப்பினர்கள் அதை எடைக்குப் போட்டுவிட வேண்டாம்.

டிராகன் இல்லாத கடை என்ன செய்வது? சாதாரண டெக்கிலும் ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங்கோடு சிறு திருகு இருக்கும். கேசட் ஓடும்போதே அதைத் திருப்புளியால் மெல்லத் திருப்பினால், ஓரிடத்தில் பேச்சு தெளிவாகும். திருப்பும் முன் பழைய இடத்தைக் குறித்துக்கொண்டு, வேலை முடிந்ததும் அங்கேயே கொண்டுவந்து விட வேண்டும்.

கைவேலைக்குச் சில குறிப்புகள்:

முதல் வேலையாகக் கேசட்டின் பின்புறமுள்ள இரு பிளாஸ்டிக் துண்டுகளையும் உடைத்துவிடுங்கள். தவறிப்போய் ரெக்கார்டு பட்டனை அழுத்தினாலும் குரல் அழியாது. பூசணம் பூத்த நாடாவை அப்படியே ஓட்டாதீர்கள். இறுகிய சுருளைப் பென்சிலால் மெதுவாகச் சுற்றித் தளர்த்துங்கள். ஹெட்டையும் ரப்பர் ரோலரையும் ஒவ்வொரு கேசட்டுக்கும் முன் துடையுங்கள். டூ-இன்-ஒன்னில் பதிந்தவற்றுக்கு ‘டால்பி’ சுவிட்சை அணைத்து வையுங்கள். உப்புக்காற்றில் திருகுகள் துருப்பிடிக்கும். டெக்கை மூடி வையுங்கள். முதல் தடவை ஓட்டும்போதே கம்ப்யூட்டரில் பதிந்துவிடுங்கள். இரண்டாம் தடவை நாடா தாங்குமா என்பது நிச்சயமில்லை.

எல்லாவற்றிலும் முக்கியமானது நாணயம். அந்தக் கேசட்டில் இருப்பது ஒரு குடும்பத்தின் அந்தரங்கம். வேலை முடிந்ததும் பிரதியைக் கடையில் வைத்துக்கொள்ளக் கூடாது. கூலியை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். முடியாவிட்டால் “கேசட் போயிருச்சு” என்று சொல்லாமல், “என் மெஷினில் வரவில்லை” என்று சொல்லுங்கள். முதல் பதிலைக் கேட்டவர் கேசட்டைக் குப்பையில் போடுவார். இரண்டாவதைக் கேட்டவர் வேறு கடைக்குப் போவார்.

அந்த அம்மா படியிறங்கும் முன் தம்பியிடம் இதைச் சொன்னோம். அவர் உடனே அழைத்து உட்கார வைத்து, திருகை அரைச் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினார். குரல் தெளிந்தது. அனுப்பிய பணம் வந்து சேர்ந்ததா, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறானா என்று அந்த மனிதர் விசாரித்துக்கொண்டிருந்தார். அம்மா கேசட் முடியும்வரை எழவில்லை. அன்று தம்பி வாங்கிய கூலி சிறிது. அந்தக் குடும்பம் இனி எந்தச் சாமானுக்கும் வேறு கடை தேடாது என்பது நம் எண்ணம்.