மஞ்சள் கம்பியின் கணக்கு

மேஜைக் கணினி ஒன்றை அசெம்பிள் செய்துகொள்ளும் உத்தேசத்தோடு சென்னை ரிச்சி தெருவிலோ தம் ஊர்க் கடைத்தெருவிலோ ஏறி இறங்குகிறவர்கள், பிராசஸர் எந்தத் தலைமுறை, ராம் எத்தனை ஜிபி, எஸ்.எஸ்.டி. எவ்வளவு பெரியது என்றெல்லாம் நுணுகி விசாரித்துத் தீர்மானித்தபின், கைப்பணம் கரைந்துபோன நிலையில் கடைசியாக வாங்குவது எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்பெட்டியை. பந்தலுக்கும் மேளத்துக்கும் தாராளமாகச் செலவழித்துவிட்டு, மிச்சமிருப்பதைக் கொண்டு பந்தியைச் சமாளிக்க எண்ணும் கல்யாண வீட்டாரின் ஏற்பாட்டை ஒத்தது இது. கேபினெட்டோடு இலவசமாக வரும் பெட்டியை மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்வோரும் உண்டு. கணினியின் மற்ற உறுப்புகள் அனைத்தும் ஆகாரம் பெறுவது இந்த ஒன்றிடமிருந்தே என்பதையும், இது கெடும்போது சில சமயம் தனியாகக் கெடாமல் மதர்போர்டையும் டிஸ்க்கையும் கூடவே அழைத்துச் செல்லும் என்பதையும் அவர்கள் யோசிப்பதில்லை.

இப்பெட்டி செய்யும் வேலையை அறிந்துகொண்டால், இரண்டு பெட்டிகளுக்கு இடையே விலை ஏன் பல மடங்கு வேறுபடுகிறது என்பதும் விளங்கும். நம் வீட்டுச் சுவரிலிருந்து வருவது 230 வோல்ட்டில், விநாடிக்கு 50 சுழற்சிகளோடு திசை மாறிக்கொண்டே இருக்கும் ஏ.சி. மின்சாரம்; கணினிக்கு வேண்டியதோ 12, 5, 3.3 என்ற சிறிய வோல்ட்டுகளில் சலனமின்றி நிற்கும் டி.சி. மின்சாரம். பழைய ரேடியோப் பெட்டிகளில் இருந்ததைப் போல, இரும்புத் தகடுகள் அடுக்கிய கனத்த டிரான்ஸ்பார்மரைக் கொண்டும் இம்மாற்றத்தைச் செய்யலாம். ஆனால் பாரமும் மிகுதி, வெப்பமாக விரயமாகும் சக்தியும் மிகுதி. 1977-இல் வெளிவந்த ஆப்பிள் 2 கணினிக்கு மின்பெட்டி அமைத்த ராட் ஹோல்ட் என்ற பொறியாளர் வேறு மார்க்கத்தைக் கைக்கொண்டார். விண்வெளிக் கருவிகளில் முன்னமே வழங்கிய அம்முறையால் வெப்பம் வெகுவாகக் குறைந்து, அக்கணினி விசிறியே இல்லாமல் இயங்கியது.

அம்முறையில், உள்ளே வரும் மின்சாரம் முதலில் டி.சி.யாக்கப்பட்டு, சுமார் 325 வோல்ட்டில் ஒரு பருத்த கெப்பாசிட்டரில் தேங்குகிறது. தேங்கியதை டிரான்சிஸ்டர்கள் விநாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி அனுப்புகின்றன. வெட்டும் வேகம் பெருகப் பெருக டிரான்ஸ்பார்மரின் உருவம் சிறுத்துக்கொண்டே போகலாம் என்பது மின்காந்த நியதியாதலால், உள்ளங்கையில் அடங்கும் ஒரு ஃபெரைட் டிரான்ஸ்பார்மரே வோல்ட்டை இறக்கப் போதுமானதாகிறது. அதன்பின் சுருள்களும் கெப்பாசிட்டர்களும் அலையைச் சமனாக்க, ஒரு கட்டுப்பாட்டுச் சுற்று வெளிவரும் வோல்ட்டை இடையறாது கவனித்து, வெட்டின் நீளத்தைக் கூட்டியும் குறைத்தும் 12 வோல்ட் 12 ஆகவே நிற்கும்படி செய்கிறது. 1995-இல் இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். பிரமாணத்தின் வழிவந்து நெடுங்காலம் வழங்கிய விதிகளின்படி, அது 11.4-க்குக் கீழே இறங்கவும் கூடாது, 12.6-க்கு மேலே ஏறவும் கூடாது. அதன் மேல் மிதக்கும் சிற்றலை 120 மில்லிவோல்ட்டைத் தாண்டவும் கூடாது. மலிவுப் பெட்டியில் குறைவது ஏதோ ஓர் உறுப்பு மட்டுமன்று. கெப்பாசிட்டர் சிறுத்திருக்கும், சுருள் மெலிந்திருக்கும், ஃபில்டருக்கென்று அச்சடித்த இடத்தில் ஒரு துண்டுக் கம்பி பற்றவைக்கப்பட்டிருக்கும். கையில் தூக்கிப் பார்த்த மாத்திரத்திலேயே பெட்டி லேசாகத் தோன்றுவதன் காரணம் இதுதான்.

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் வாட் எண்ணை நம்பிப் பிரயோஜனம் இல்லை. பார்க்கவேண்டியது பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சிறிய அட்டவணையை. அதிலும் 12 வோல்ட் என்ற கட்டத்துக்கு எதிரே எத்தனை ஆம்பியர் என்பதை. முற்காலத்துக் கணினிகள் சிவப்புக் கம்பியில் வரும் 5 வோல்ட்டையே பெரிதும் உண்டு வாழ்ந்தன. 2000-ஆம் ஆண்டை ஒட்டி வந்த பென்டியம் 4-க்கென்று தனியாக ஒரு நான்கு முனை கனெக்டர் ஏற்பட்ட காலந்தொட்டு, அந்தச் சுமை மஞ்சள் கம்பியின் 12 வோல்ட்டுக்கு மாறிற்று. இன்று பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் அதையே நம்பியிருக்கின்றன. (தற்காலத்துப் பெட்டிகள் பலவற்றில் எல்லாக் கம்பிகளுக்கும் கறுப்பு உறை போட்டுவிடுகிறார்கள், அழகுக்காகச் செய்கிற காரியம், பழுது பார்ப்பவருக்குத்தான் உபத்திரவம்.) ஆகவே, 450 வாட் என்று பறைசாற்றும் ஒரு பெட்டியின் அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு 14 ஆம்பியர் என்று கண்டிருந்தால், இரண்டையும் பெருக்கி வரும் 168 வாட்தான் அதன் உண்மையான கையிருப்பு என்று கொள்ளவேண்டும், மீதி, யாரும் அதிகம் தொடாத 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் கூட்டிக் காட்டிய கணக்கு. யோக்கியமான 450 வாட் பெட்டியில் அவ்விடத்தில் 36 ஆம்பியரோ அதற்குச் சற்று மேலோ இருக்கும்.

இனி, எத்தனை வாட் தேவை என்ற கேள்வி. கிராபிக்ஸ் கார்டு இல்லாமல், எழுத்து வேலைக்கும் படம் பார்ப்பதற்கும் பயன்படும் வீட்டுக் கணினி 100 வாட்டைத் தாண்டுவதே அபூர்வம். விளையாட்டுக்கென்று ஆர்.டி.எக்ஸ். 3060 போன்ற கார்டைப் பொருத்தினால், அது மட்டும் 170 வாட் கேட்கும். 65 வாட் என்று பெயர்பெற்ற பிராசஸரும் முழுமூச்சில் உழைக்கும்போது அந்த எல்லையைக் கணிசமாக மீறுவதுண்டு. மற்றவற்றுக்கு 50 வாட் ஒதுக்கினாலும் மொத்தம் 350 வாட்டுக்குள் அடங்கிவிடும். கார்டைச் செய்தவர்கள் 550 வாட் பெட்டியைச் சிபாரிசு செய்வது, வாங்குகிறவர் எப்படிப்பட்ட பெட்டியை வாங்குவாரோ என்ற சந்தேகத்தையும் சேர்த்து என்றே நினைக்கிறேன். அதற்கும் மேலே 750 வாட் வாங்கும்படி கடைக்காரர் வற்புறுத்தினால், கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்துவிடலாம்.

80 பிளஸ் என்ற முத்திரை 2004 முதல் வழங்கிவருகிறது. அடிப்படை முத்திரை பெற்ற பெட்டி, சுமை ஐந்தில் ஒரு பங்காகவும் பாதியாகவும் முழுமையாகவும் உள்ள மூன்று நிலைகளிலும், தான் வாங்கும் மின்சாரத்தில் நூற்றுக்கு 80 பங்கையாவது கணினிக்குத் தரும். பாதிச் சுமையில் வெண்கல முத்திரைக்கு 85, தங்க முத்திரைக்கு 90 என்பது சுமாரான கணக்கு. தங்கம் வாங்கினால் மின்கட்டணம் மிச்சமாகும் என்று சொல்வார்கள். 100 வாட் செலவழிக்கும் கணினியைத் தினம் நான்கு மணி நேரம் ஓட்டுகிறவருக்கு வெண்கலத்தைக் காட்டிலும் ஆண்டு முழுவதும் மிச்சமாவது ஒன்பதரை யூனிட்தான். இதற்காக ஆயிரக்கணக்கில் அதிகம் கொடுப்பது சிக்கனம் ஆகாது. மேலும் இம்முத்திரை திறனை மட்டுமே அளக்கிறதேயன்றி, சிற்றலையையோ பாதுகாப்புச் சுற்றுகளையோ சோதிப்பதில்லை. என் அபிப்பிராயத்தில், சொற்பப் பணம் உள்ளவருக்கு, பெயர்பெற்ற தயாரிப்பாளரின் வெண்கல முத்திரைப் பெட்டியே தக்கது. உத்தரவாதம் மூன்று ஆண்டுக்குக் குறையாமலும், கெப்பாசிட்டர்கள் 105 டிகிரி தாங்கும் வகையாகவும் இருந்தால் விசேஷம். வெப்பம் பத்து டிகிரி கூடினால் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகிவிடும் என்பதால், நம் ஊர் வெயிலில் 85 டிகிரி வகை நெடுநாள் தாங்காது.

யு.பி.எஸ். வைத்திருந்தும் கரண்ட் போனவுடன் கணினி அணைந்து எழுகிறதே என்று அங்கலாய்ப்பவர்கள் பலர். யு.பி.எஸ். பாட்டரிக்கு மாறுவதற்குச் சில மில்லிவிநாடிகள் பிடிக்கும். அந்த இடைவெளியைத் தாண்ட, விதிப்படி அமைந்த மின்பெட்டி 16 மில்லிவிநாடி வரையில் தன் பருத்த கெப்பாசிட்டரின் சேமிப்பிலிருந்தே கணினியை ஓட்டும். அக்கெப்பாசிட்டரைச் சிறிதாக்கிச் செலவைக் குறைத்த பெட்டியால் அது இயலாது. குற்றவாளி எஸ்.எம்.பி.எஸ். ஆக இருக்க, பழியும் பாட்டரிச் செலவும் யு.பி.எஸ். மேல் விழுகின்றன.

கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று கடிக்கிறது என்பது மற்றொரு புகார். நல்ல மின்பெட்டியின் வாயிலில், இரைச்சலை வடிகட்டுவதற்காக, பேஸ் கம்பியிலிருந்தும் நியூட்ரல் கம்பியிலிருந்தும் அதன் இரும்புடலுக்குச் சிறு கெப்பாசிட்டர்கள் இணைக்கப்பட்டிருக்கும். அவற்றின் வழியே கசியும் அற்ப மின்சாரம் எர்த் கம்பி இருந்தால் பூமிக்குப் போய்விடும், இல்லாவிட்டால் கேபினெட் 230 வோல்ட்டில் ஏறக்குறையப் பாதியில் நின்றுகொண்டு, வெறுங்காலோடு தொடுகிறவரைக் கடிக்கும். ஃபில்டரே இல்லாத மட்டமான பெட்டி கடிக்காமல் இருப்பதும் உண்டு. அக்காரணத்தாலேயே அந்த மட்டமான பெட்டியை உத்தமமானது என்று மெச்சி, நல்லதைத் திருப்பிக் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். வீட்டுச் சுவர்ப் பிளக்கின் மூன்றாவது துளையில் எர்த் உண்மையில் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்துவிட்டு, இல்லையென்றால் முதலில் அதைப் போட்டுக்கொண்டு, பிறகு கடைக்குப் போங்கள்.