குட்டைக் குதிரைக்குத் தகப்பன் தேடும்போது

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் பண்டிகையில் கூடும் குதிரைச் சந்தைக்குப் போனால், கூட்டம் எங்கே மொய்க்கும் என்பது தெரிந்த கதைதான். வெள்ளைவெளேரென்று நிற்கும் நொக்ராவையும், காது நுனிகள் உள்பக்கம் வளைந்த மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகளையும் சுற்றித்தான் செல்போன்கள் உயரும். ஓரத்தில் கட்டியிருக்கும் மட்டக் குதிரைகளிடம் சிறு பிள்ளைகள்தான் நிற்பார்கள். கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்ற நான் முதலில் போவது அந்த ஓரத்துக்குத்தான். ஜட்கா வண்டியோடு பெரும்பாலும் மறைந்துபோன நம் மட்டக் குதிரையை இன்னும் விடாமல் வைத்திருப்பவர்கள் அங்கேதான் கிடைப்பார்கள்.

அவர்கள் கேட்பது ஒன்றேதான். "ஏனுங்க டாக்டரு, ஊட்டுல மட்டப் பெட்டை ரெண்டு நிக்குதுங்க. எந்தக் குதிரையோட சேர்த்தறதுங்க?" சிலருக்குக் குட்டி உயரமாக வர வேண்டும். இப்போது நிறையப் பேர் அதற்கு நேர்மாறாக, முழங்கால் உயரத்தில் பொம்மை மாதிரி ஒரு குட்டி வேண்டும் என்கிறார்கள். இரு சாராரும் ஆண் குதிரையின் உயரத்தை மட்டுமே அளக்கிறார்கள். நான் மாற்றச் சொல்வது அந்தப் பழக்கத்தைத்தான்.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த வால்டன், ஹாமண்ட் என்ற இரு அறிவியலாளர்கள் 1938இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஷயர் என்பது பாரம் இழுக்கும் மலை போன்ற குதிரை. ஷெட்லாண்டு 42 அங்குலத்தைத் தாண்டாத குட்டை இனம். செயற்கைக் கருவூட்டல் மூலம் இரண்டையும் இரு வழியிலும் கலந்தார்கள். ஷயர் தாய்க்குப் பிறந்த கலப்புக் குட்டி, ஷெட்லாண்டு தாய்க்குப் பிறந்ததைவிடப் பிறக்கும்போது ஏறக்குறைய மூன்று மடங்கு எடை இருந்தது. இரண்டுக்கும் கலப்பு ஒன்றுதான். குட்டி உருவான கருப்பைதான் வேறு. வளர்ந்த பிறகும் அந்த வித்தியாசம் முழுதாக மறையவில்லை. ஆகவே பெரிய மார்வாரிப் பெட்டையோடு குட்டைக் குதிரையைச் சேர்த்துவிட்டுக் குட்டைக் குட்டியை எதிர்பார்ப்பவர் பெரும்பாலும் ஏமாந்துபோவார். குட்டை வேண்டுமென்றால் தாயும் குட்டையாக இருக்க வேண்டும். மட்டப் பெட்டையின் மேல் பெரிய குதிரையை ஏறவிடுவதும் சரியில்லை. சேர்க்கையிலேயே பெட்டைக்கு அடிபடும்.

அப்படியானால் ஆண் குதிரையிடம் எதைப் பார்ப்பது? முதலில் பல். ஒரு வயதுக் குட்டி தன் முழு உயரத்தில் பத்தில் ஒன்பது பங்கு வளர்ந்திருக்கும். மீதி வளர்ச்சி பிறகுதான். வளரும் குட்டியையே "குட்டை ஜாதிங்க" என்று சொல்லி விற்பது சந்தையில் நடக்கிறது. முன் வெட்டுப்பற்களில் நடுப்பல் இரண்டரை வயதிலும், அடுத்த ஜோடி மூன்றரையிலும், ஓரப்பல் நாலரையிலும் விழுந்து முளைக்கும். ஐந்து வயதில் வாய் நிறைந்திருக்கும். வாய் நிறைந்த குதிரையைத்தான் பொலிக்கு எடுக்க வேண்டும். அதன் உயரம் அதற்குமேல் மாறாது.

வாயைத் திறந்த கையோடு தாடையையும் பாருங்கள். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் நேருக்கு நேர் பொருந்த வேண்டும். புடைத்த நெற்றி, முன்னால் தள்ளிய கீழ்த்தாடை, உடம்புக்குப் பொருந்தாமல் வளைந்த குட்டைக் கால் ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் அது குட்டை இனம் அல்ல, எலும்பு வளர்ச்சிக் குறைபாடு. வெளிநாட்டு மினியேச்சர் குதிரைகளில் இதற்குக் காரணமான மரபணு மாற்றங்களைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்த மாற்றத்தின் ஒரு பிரதியை மட்டும் சுமக்கும் குதிரை பார்வைக்குச் சாதாரணமாகவே இருக்கும். அப்படி இரண்டு சேர்ந்தால் நாலில் ஒரு பங்கு வாய்ப்பில் ஊனக்குட்டி பிறக்கும். பொம்மை மாதிரி வேண்டும் என்ற ஆசைக்கு விலை கொடுப்பது அந்தக் குட்டிதான்.

பிறகு கால். கெட்டித் தரையில் கயிற்றைத் தளர்த்திப் பிடித்து எதிரே நடத்திவரச் சொல்லுங்கள். திருப்பிப் போகச் சொல்லுங்கள். குளம்பு நேராக விழுகிறதா, முழங்கால் உள்ளே சாய்கிறதா என்று உட்கார்ந்து பாருங்கள். இரண்டு விதையும் இறங்கியிருக்க வேண்டும். ஒன்று வயிற்றுக்குள் தங்கிய குதிரை வேண்டவே வேண்டாம், அந்தக் குறை வம்சத்தில் தொடரக்கூடியது. சுழிக்குக் காட்டும் அக்கறையை நம் ஆட்கள் இதற்குக் காட்டுவதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். சுழியால் ஒரு குதிரை நொண்டி நான் பார்த்ததில்லை.

குணத்தையும் விடக் கூடாது. குட்டைக் குதிரை கடைசியில் போய்ச் சேர்வது பிள்ளைகள் கையில்தான். அறியாத ஆள் பக்கத்தில் போனால் காதைப் பின்னால் மடக்கிக் கடிக்க வருகிற குதிரை எத்தனை அழகாக இருந்தாலும் பொலிக்கு ஆகாது.

காங்கேயம் பக்கம் பூச்சிக்காளை என்னும் பொலிகாளையைத் தேர்ந்தெடுக்கும் குடியானவர் அந்தக் காளையோடு நிறுத்தமாட்டார். அதன் தாய் நிற்கும் கட்டுத்தறிக்குப் போவார், அது போட்ட கன்றுகளைத் தேடிப் பார்ப்பார். மாட்டுக்கு இத்தனை பார்க்கத் தெரிந்த நாம் குதிரைக்கு மட்டும் சந்தையில் அரை மணி நேரத்தில் கை கொடுத்துவிடுகிறோம். தாயைப் பாருங்கள், முன்னால் பிறந்த குட்டிகளைப் பாருங்கள். உங்கள் பெட்டைக்கு அது அண்ணனோ தகப்பனோ இல்லை என்பதையும் விசாரியுங்கள். மட்டக் குதிரைகள் குறைந்துபோன ஊர்களில் ஒரே ஆண் குதிரை தன் மகள்களோடும் சேர்ந்துவிடுகிறது.

சினைக்காலம் ஏறக்குறைய பதினொரு மாதம். மார்கழியில் சேர்த்தால் கார்த்திகையில் குட்டி. ஐப்பசி மழைக்குக் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப் புல் தழைத்து நிற்கும் நேரம், பால் கொடுக்கும் தாய்க்கு அதைவிட நல்ல தீவனம் எது?

பணம் கைமாறும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ரத்தப் பரிசோதனை. கிளாண்டர்ஸ் என்ற நோய் குதிரையிலிருந்து மனிதருக்கும் தொற்றும். அதற்குத் தடுப்பூசி கிடையாது. நோய் உறுதியானால் குதிரையைக் கருணைக்கொலை செய்ய வேண்டியதுதான். ஹரியானாவின் ஹிசாரில் உள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையம் இதற்கான சோதனையைச் செய்கிறது. உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்தில் கேட்டால் ரத்த மாதிரி அனுப்ப வழி சொல்வார்கள். அந்தச் சோதனை முடிவைப் பார்க்காமல் எந்தக் குதிரையையும் உங்கள் பெட்டைக்குப் பக்கத்தில் கட்டாதீர்கள். பின்னால் பிறக்கும் குட்டிகளில், பல், கால், குணம் என்று மேலே சொன்ன தேர்வில் தேறாத ஆண் குட்டிகளைத் தயங்காமல் காயடித்துவிடுங்கள்.