கல்லாகும் ஊற்றுநீரில் பயிர் விளைந்ததா?

கரோல் பாக்கில் பம்ப்புத் தண்ணீரைக் காய்ச்சுகிறவர்களுக்கு, வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. புளி போட்டுத் தேய்த்தாலும் லேசில் போகாது. நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புதான் அது. இதைவிடப் பன்மடங்கு சுண்ணாம்பும் கொஞ்சம் உப்பும் கலந்த ஊற்றுநீரைப் பாய்ச்சி ஒரு மலையையே கழனியாக்கினார்கள் என்றால் நம் ஊர்க் குடியானவர் நம்புவாரா?

மெக்ஸிகோ நாட்டில் வஹாக்கா நகரிலிருந்து சாலை வழியே சுமார் 70 கிலோ மீட்டர் கிழக்கே இருக்கிறது 'யெர்வே எல் ஆகுவா'. 'தண்ணீர் கொதிக்கிறது' என்று பொருள். உண்மையில் அது கொதிக்கும் நீரல்ல. கரியமில வாயு குமிழியிட்டு வெளியேறுவதால் அப்படித் தோன்றுகிறது. வாயு பிரிந்ததும் சுண்ணாம்பு கல்லாகப் படிகிறது. மலை விளிம்பில் அது வழிந்து வழிந்து இறுகி நிற்கிறது. தூரத்தில் அருவி, கிட்டே போனால் பாறை.

அந்தச் சரிவில் சபோடெக் மக்கள் படிப்படியாகக் கற்சுவர் எழுப்பி, வாய்க்கால் ஓட்டினார்கள். ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய வேலை இது. வாய்க்கால் ஓரமாகச் சிறுசிறு குழிகள் இருக்கின்றன. குழியில் தேங்கும் நீரை மொண்டு செடிக்கு ஊற்றினார்கள் என்பது ஆய்வாளர் ஜேம்ஸ் நீலி 1960களில் முன்வைத்த கருத்து. வேதாரண்யம் பக்கத்து மணற்காட்டில் புகையிலைக்குக் குடத்தால் நீர் வார்த்தவர்களுக்கு இது புதிய வித்தையல்ல.

1987-இல் வேறு மூவர் மறுத்தார்கள். இவ்வளவு உப்பு நீரில் பயிர் நிற்காது, அந்தக் குழிகள் உப்பு எடுப்பதற்கே என்றார்கள். களர் நிலத்தைக் கண்ட நமக்கு அந்தச் சந்தேகம் நியாயமாகவே படும். பாசனக் கட்சிக்கும் விடை உண்டு. களர் பிடிப்பது நீர் தேங்கும் தாழ்நிலத்தில். சரிவில் நீர் வடிந்துவிடும், மழைக்காலத்தில் உப்பும் கழுவிக்கொண்டு போகும். நீரை அளந்து ஊற்றினால் கெடுதல் இன்னும் குறையும். உப்புக்காக மட்டும் இத்தனை மண்மேடைகள் கட்டுவார்களா என்பது என் கேள்வி.

மண் வாய்க்காலாக மட்டும் இருந்திருந்தால் நாலு மழையில் தடம் அழிந்திருக்கும். பயிருக்குப் பகை என்று சொல்லப்பட்ட அதே சுண்ணாம்பு வாய்க்காலின் அடியிலும் கரையிலும் படிந்து, அதைக் கல்லாக்கிவிட்டது. கைவிடப்பட்டுப் பல நூற்றாண்டுகள் ஆகியும், நீர் எந்த மேடையிலிருந்து எந்த மேடைக்கு இறங்கியது என்பதை இன்றும் விரல் வைத்துக் காட்டலாம்.