சிவப்புக் கொடி பறக்கிறதா? சைக்கிளைத் திருப்புங்கள்!

உங்களுக்குத் தெரியுமா? பிரிட்டனில் ராணுவம் நிஜக் குண்டுகளைச் சுட்டுப் பழகும் இடங்களின் ஓரமாகவும், சில இடங்களில் ஊடாகவும், நீங்கள் சைக்கிள் ஓட்டலாம்! திருட்டுத்தனமாக அல்ல, சட்டப்படியே! முதல் நிபந்தனை: சிவப்புக் கொடி பறக்கக் கூடாது!

கொடி பகலுக்கு. ராத்திரிக்கு? சிவப்பு விளக்கு! இரண்டில் எது கண்ணில் பட்டாலும் அன்றைக்கு அந்தப் பாதை உங்களுடையது அல்ல!

பிரிட்டிஷ் சிப்பாயின் துப்பாக்கியிலிருந்து தோட்டா கிளம்பும் வேகம் நொடிக்கு 940 மீட்டர்! ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான்! அதாவது தோட்டா முதலில் வந்துவிடும், சத்தம் அப்புறம்தான் வரும். ‘சத்தம் கேட்டதும் குனிந்துகொள்ளலாம்’ என்ற எண்ணமே வேண்டாம்! உங்கள் சைக்கிள் மணிக்கு 20 கிலோமீட்டர் போகுமா? தோட்டா மணிக்கு 3,384 கிலோமீட்டர்!

சாலிஸ்பரி சமவெளி! நாட்டிலேயே மிகப் பெரிய ராணுவப் பயிற்சிக் களம் இதுதான். பரப்பளவு சுமார் 380 சதுர கிலோமீட்டர்! ராணுவம் இங்கே நிலம் வாங்கத் தொடங்கிய ஆண்டு 1897!

அங்கே எத்தனை நாள் சுடுகிறார்கள் என்று ஊகியுங்கள் பார்ப்போம். வாரத்துக்கு இரண்டு நாளா? மூன்று நாளா? வருடத்துக்குச் சுமார் 340 நாள்!

இத்தனைக்கும் நடுவில் அந்தச் சமவெளி வழியாகவே ஒரு நெடுந்தூர சைக்கிள் பாதை போகிறது! பெயர் கிங் ஆல்ஃபிரட்ஸ் வே. வின்செஸ்டரில் கிளம்பினால் ஸ்டோன்ஹெஞ்ச், ஏவ்பரி என்று ஆதிகாலக் கற்களையெல்லாம் பார்த்துவிட்டுத் திரும்பவும் வின்செஸ்டருக்கே வந்து சேரலாம். 2020இல் திறந்தார்கள். மொத்தச் சுற்று 350 கிலோமீட்டர்!

அந்தப் பாதைகளில் உங்கள் எதிரே யார் வரலாம் தெரியுமா? சேலஞ்சர் 2 டாங்கி! எடை 62 டன்னுக்கும் மேல்! ‘ஆமை மாதிரித்தானே நகரும்’ என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். சாலையில் அதன் வேகம் மணிக்கு 59 கிலோமீட்டர்! நீங்கள் எவ்வளவு மிதித்தாலும் முந்த முடியாது. ஒதுங்கி நின்று வழிவிடுங்கள்!

இன்னொன்றும் கேளுங்கள். பயிற்சிக்காக ராத்திரியில் விளக்கே போடாமல் ராணுவ வண்டிகள் ஓடும்! இருட்டின பிறகு அங்கே சைக்கிளுக்கு என்ன வேலை? பொழுது சாய்வதற்குள் வெளியே வந்துவிடுங்கள்!

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குதிரைக்காரர்களுக்கான பாதையில் சைக்கிள் ஓட்டும் உரிமை எப்போது கிடைத்தது தெரியுமா? 1968இல்தான்! நாடாளுமன்றம் போட்ட ஒரு சட்டத்தில் அதற்கும் இடம் கொடுத்தார்கள். பதிலுக்கு ஒரு கடமையும் விதித்தார்கள்: நடப்பவருக்கும் குதிரைக்கும் சைக்கிள்தான் வழிவிட வேண்டும்! வெறும் நடைபாதைகளில் அந்த உரிமை இன்றுவரை கிடையாது!

சுடுதளங்களுக்கான விதிகளைப் போடும் அதிகாரத்தைத் தருகிற சட்டம் எந்த ஆண்டுச் சட்டம்? 1892! விக்டோரியா மகாராணி காலத்துச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது! தளத்துக்குத் தளம் விதி மாறும். ஓரிடத்தில் சைக்கிளுக்கு அனுமதி, இன்னோரிடத்தில் அதுவே குற்றம்! வாசலில் இருக்கும் பலகையைப் படிக்காமல் உள்ளே போகாதீர்கள்!

சேற்றுக் குட்டையைப் பார்த்தால் முகம் சுளிப்பீர்களா? சாலிஸ்பரியில் சுளிக்காதீர்கள்! டாங்கிச் சக்கரம் பதிந்த பள்ளங்களில் தேங்கும் மழைத்தண்ணீரில் ‘ஃபேரி ஷ்ரிம்ப்’ என்ற அபூர்வக் குட்டி இறால் வாழ்கிறது! குட்டை வறண்டால் முட்டை மண்ணுக்குள் காத்துக் கிடக்கும். மழை வந்ததும் பொரியும்! அந்த முட்டைகளை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார்? சேற்றோடு அள்ளிச் செல்லும் டாங்கிதான்!

கான மயிலின் பெரிய சொந்தக்காரரான ‘கிரேட் பஸ்டர்ட்’ பறவையும் அங்கே இருக்கிறது! பறக்கும் பறவைகளிலேயே மிகக் கனமானவற்றில் ஒன்று இது. பிரிட்டனில் 1832இல் அடியோடு அழிந்துபோனது. 2004 முதல் ரஷ்யாவிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து இந்தச் சமவெளியில் விட்டார்கள். பிழைத்துக்கொண்டன! உழவில்லை, வீடுகளில்லை. பீரங்கிச் சத்தம் மட்டும்தான். பறவைக்கு அது போதுமாம்!

அதே சமவெளிக்குள் ஒரு கிராமம். பெயர் இம்பர். 1943 நவம்பரில் ஊரையே காலி செய்யச் சொன்னது ராணுவம். கொடுத்த கெடு 47 நாள்! போர் முடிந்தது, யாரும் திரும்பி வர முடியவில்லை. 1961 ஜனவரியில் 2,000 பேருக்கு மேல் ஊருக்குள் ஊர்வலமாகவே போய்விட்டார்கள்! அப்படியும் ஊர் திரும்பக் கிடைக்கவில்லை. புனித ஜைல்ஸ் தேவாலயம் மட்டும் இன்றும் நிமிர்ந்து நிற்கிறது!

வருடத்தில் ஒரு சில நாட்கள் மட்டும் இம்பர் சாலையைத் திறந்துவிடுகிறார்கள். அன்றைக்கு சைக்கிளும் போகலாம்! ஆகஸ்டில் ஒருநாள் இரட்டை மாடிச் சிவப்பு பஸ்களே வார்மின்ஸ்டரிலிருந்து வரிசையாகக் கிளம்பி வரும். 2009இல் ஆரம்பித்த வழக்கம் இது! ஆளே குடியிருக்காத ஊருக்கு டவுன் பஸ்!

இம்பருக்கு ஒரு சகோதரி உண்டு. டோர்செட் கடற்கரையில் டைனம். அதே 1943 டிசம்பர்! வெளியேறியவர்கள் 225 பேர்! லல்வொர்த் டாங்கிச் சுடுதளத்துக்குள் மாட்டிக்கொண்ட அந்த ஊருக்கு, பெரும்பாலான சனி, ஞாயிறுகளில் சாலையைத் திறக்கிறார்கள். வழியில் வைட்வே மேடு இருக்கிறது, தொடை நடுங்க வைக்கும் ஏற்றம். வார நாளில் போனால் மேட்டைப் பார்க்கவே முடியாமல் போகலாம். சாலையில் தடுப்பு போட்டிருக்கும்!

ரோமானியர்கள் போட்ட சாலையில் சைக்கிள் ஓட்ட ஆசையா? நார்தம்பர்லாந்துக்குப் போங்கள்! 1911 முதல் இயங்கும் ஆட்டர்பர்ன் சுடுதளத்துக்குள் ‘டியர் ஸ்ட்ரீட்’ என்ற ரோமானியச் சாலை ஓடுகிறது. ரோமானியப் படை முகாமின் மண்வரப்புகள்கூட ச்யூ கிரீன் என்ற இடத்தில் அப்படியே இருக்கின்றன! நார்தம்பர்லாந்து தேசியப் பூங்காவில் இந்தத் தளத்தின் பங்கு 23 சதவீதம்!

ஆட்டர்பர்னில் ராணுவமே ஆட்டுக்கு அடங்கிப் போகிறது! ஏப்ரல் நடுவிலிருந்து மே நடு வரை செம்மறிகள் குட்டி போடும் காலம். பீரங்கிகள் அத்தனையும் கப்சிப்!

கென்ட் கடற்கரையில் தேசிய சைக்கிள் பாதை எண் 2, லிட் சுடுதளத்தின் வேலியை ஒட்டியே போகிறது. கொடி பறந்தாலும் அங்கே ஓட்டலாம், ஏனென்றால் பாதை வேலிக்கு வெளியே!

டார்ட்மூரில் வேலி கிடையாது! சிவப்பும் வெள்ளையும் அடித்த கம்பங்கள்தான் எல்லை. மலை உச்சியில் கொடி!

இப்போது என் மனதுக்கு ரொம்பப் பிடித்த இடம். ஸ்காட்லாந்தின் வடமேற்கு மூலை, கேப் ராத் முனை! அங்கே ஒரு சாலை இருக்கிறது. பிரிட்டனின் வேறு எந்தச் சாலையோடும் அது சேராது! முதலில் டர்னஸ் கழிமுகத்தைச் சின்னப் படகில் கடக்க வேண்டும். சைக்கிளையும் படகில் ஏற்றிக்கொள்ளலாம். அக்கரையிலிருந்து முனைக்கு சுமார் 18 கிலோமீட்டர். கல்லும் குழியுமான பாதை. ஒரு கடைகூடக் கிடையாது. கடைசியில் ஒரு கலங்கரை விளக்கம்! 1828இல் அதைக் கட்டியவர் ராபர்ட் ஸ்டீவன்சன். ‘ட்ரெஷர் ஐலண்ட்’ எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் தாத்தா!

அந்த முனைக்குச் சற்றுத் தள்ளிக் கடலில் ஒரு பாறைத் தீவு. பெயர் கார்வி. விமானங்கள் அதன்மேல் 1,000 பவுண்டு எடையுள்ள நிஜக் குண்டுகளைப் போட்டுப் பழகுகின்றன! கப்பல்களும் கடலிலிருந்து சுடுகின்றன! பயிற்சி நடக்கும் நாளில் சாலையில் காவலர் நிற்பார், படகும் ஓடாது. கெஞ்சினாலும் விடமாட்டார்கள். விடவும் கூடாது!

அடேங்கப்பா, இதுக்கே அசந்துவிட்டீர்களா? அந்தக் கலங்கரை விளக்கம் வரை சைக்கிளில் போனவர்களுக்கென்றே ஒரு சங்கம் இருக்கிறது! கேப் ராத் ஃபெல்லோஷிப். 1949இல் ரெக்ஸ் கோலி என்ற சைக்கிள் பிரியர் தொடங்கினார். உறுப்பினர் ஆக என்ன தகுதி?  நீங்களும் உங்கள் சைக்கிளும் கலங்கரை விளக்கத்தின் முன் நிற்கும் ஒரு புகைப்படம் போதும்! உலகத்தில் எத்தனையோ சங்கங்கள் உண்டு, இப்படி ஒரு வாசல் அபூர்வம்தான்!

ஜெர்மனியையும் விட்டுவிட முடியாது. மியூன்சிங்கன் பயிற்சிக் களம் 1895இல் பிறந்தது, 2005இல் மூடியது. 110 வருடம் சுட்டார்கள்! இப்போது டாங்கிகளுக்காகப் போட்ட சாலைகளில் குடும்பம் குடும்பமாக சைக்கிள் ஓட்டுகிறார்கள்! ஆனால் குறியிட்ட பாதையை விட்டு இறங்கத் தடை. மண்ணுக்குள் வெடிக்காத குண்டுகள் இன்னும் கிடக்கின்றன! ராணுவம் போய்விட்டது, குண்டுகள் போகவில்லை!

ஜோசியம் பார்க்காமலே நாளைக்குச் சுடுவார்களா என்று தெரிந்துகொள்ளலாம்! பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகம் தளம் தளமாக, நாள் நேரத்தோடு அட்டவணையை இணையத்தில் போட்டுவிடுகிறது. பைசா செலவில்லை! ஆனால் அட்டவணை ‘இல்லை’ என்று சொல்லிக் கொடி ‘உண்டு’ என்று சொன்னால்? கொடியைத்தான் நம்ப வேண்டும்!

டயர் பஞ்சரா? பாதையிலேயே உட்கார்ந்து ஒட்டுங்கள். நிழல் தேடிப் புல்லுக்குள் போகாதீர்கள்! துருப்பிடித்த குழாயோ, பளபளக்கும் உலோகமோ, எது கிடந்தாலும் காலால்கூடத் தொடாதீர்கள். பல வருடம் சும்மா கிடந்த குண்டும் வெடிக்கும்! இடத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு வந்த வழியே திரும்புங்கள், போலீஸுக்குச் சொல்லுங்கள். பிரிட்டனில் அழைக்க வேண்டிய எண் 999!