குணமாகாதவர்களுக்கும் ஒரு கட்டில்

லண்டனின் மிகப் பழைய மருத்துவமனைகளைத் தொடங்கியவர்கள் துறவிகள். ஸ்மித்ஃபீல்டில் இன்றும் இயங்கும் செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனையை ராகிர் என்பவர் 1123இல் ஒரு மடத்தோடு சேர்த்து நிறுவினார். தேம்ஸின் தென்கரையில் சதக் பகுதியில் இருந்த இன்னொரு மடத்து மருத்துவமனைக்குக் கான்டர்பரிப் பேராயர் தாமஸ் பெக்கெட்டின் பெயர். எட்டாம் ஹென்றி மன்னர் ரோமோடு உறவை முறித்து மடங்களைக் கலைத்தபோது இவற்றின் கதியும் மாறியது. பார்த்தலோமியு 1546இல் நகர நிர்வாகத்தின் கைக்குப் போனது. 1540இல் மூடப்பட்ட செயின்ட் தாமஸ் 1551இல் மறுபடி திறந்தது. அரசரை எதிர்த்து நின்ற பெக்கெட்டின் பெயரை வைத்திருக்க அன்று வழியில்லை. எனவே அப்போஸ்தலர் தாமஸின் பெயருக்கு அது மாற்றப்பட்டது. மயிலாப்பூரில் உயிர் நீத்ததாக மரபு சொல்லும் அதே புனித தோமையார்தான் அவர். பெயர்ப் பலகை அப்படியே இருக்க, புனிதர் மட்டும் மாறினார்.

அதன்பின் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் இங்கிலாந்தில் கத்தோலிக்கர் ஒதுங்கி வாழ்ந்தார்கள். 1829இல்தான் அவர்கள் நாடாளுமன்றத்தில் உட்காரச் சட்டம் இடம் தந்தது. 1840களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்து, பசியால் விரட்டப்பட்ட மக்கள் லண்டனின் நெரிசலான சந்துகளில் வந்து குவிந்தார்கள். 1850இல் பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் இங்கிலாந்துக்கு மறுபடியும் ஆயர்களை நியமித்தார். நிக்கலஸ் வைஸ்மன் வெஸ்ட்மின்ஸ்டரின் முதல் பேராயராகவும் கர்தினாலாகவும் வந்தார். நாட்டில் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. பத்திரிகைகள் அதை ரோமின் படையெடுப்பு என்றே எழுதின.

வாதங்களால் தணியாத அந்தப் பகை ஓரளவு தணியக் காரணமாக இருந்தது ஒரு போர். 1854இல் கிரிமியப் போர்முனையிலிருந்து காயமடைந்த வீரர்களின் நிலை பற்றிய செய்திகள் லண்டனை உலுக்கின. ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 38 பெண்களோடு துருக்கியின் ஸ்குடாரியில் இருந்த ராணுவ மருத்துவமனைக்குப் புறப்பட்டார். அவர்களில் 10 பேர் கத்தோலிக்கக் கன்னியர். பெர்மண்ட்சியிலிருந்து போன இரக்கத்தின் சகோதரிகளுக்குத் தலைமை தாங்கியவர் அன்னை மேரி கிளேர் மூர். டப்ளினில் கேத்தரின் மக்கோலி 1831இல் தொடங்கிய சபை அது. கதவடைத்த மடத்துக்குள் இருந்துவிடாமல் சேரிகளிலும் வீடுகளிலும் போய் நோயாளிகளைப் பார்ப்பதே அவர்கள் வழக்கம் என்பதால், நைட்டிங்கேல் தேடிய அனுபவம் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. போரிலிருந்து திரும்பிய பின்னும் நைட்டிங்கேலுக்கும் அன்னை கிளேருக்கும் நட்பு தொடர்ந்தது. மதக் காழ்ப்பு மிகுந்த அந்தக் காலத்தில் இது சிறிய விஷயமல்ல.

1856இல், போர் முடிந்த கையோடு, கர்தினால் வைஸ்மனின் முயற்சியில் கிரேட் ஆர்மண்ட் வீதியில் செயின்ட் எலிசபெத் மருத்துவமனை தொடங்கியது. நடத்தியவர்கள் அதே இரக்கத்தின் சகோதரிகள். கிரிமியாவில் பணிசெய்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். மால்டா மாவீரர் சபையைச் சேர்ந்த சர் ஜார்ஜ் போயர் 1864இல் அதனோடு ஓர் ஆலயம் கட்டித் தந்தார். செயின்ட் ஜான் என்ற பெயரும் சேர்ந்துகொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் மருத்துவமனை செயின்ட் ஜான்ஸ் வுட்டுக்கு இடம் பெயர்ந்தபோது ஆலயத்தையும் கல் கல்லாகப் பிரித்துக்கொண்டுபோய் அங்கே மறுபடி எழுப்பினார்கள்.

அந்த மருத்துவமனை யாருக்காகத் திறக்கப்பட்டது என்பதில்தான் அதன் மரபின் வேர் இருக்கிறது. அக்காலத்து லண்டனின் பெரிய மருத்துவமனைகள் நன்கொடையில் நடந்தவை. நன்கொடையாளரிடம் சிபாரிசுக் கடிதம் வாங்கி வந்தால்தான் அவற்றில் பலவற்றில் இடம் கிடைக்கும். எத்தனை பேர் குணமாகி வீடு திரும்பினார்கள் என்ற கணக்கை ஆண்டுதோறும் கொடையாளர்களுக்குக் காட்டவும் வேண்டும். ஆகவே குணமாகாத நோயாளிகளைச் சேர்க்க அவை தயங்கின. எலும்புருக்கி நோய் முற்றியவர், புற்றுநோயாளி, படுத்த படுக்கையான முதியவர் போன்றோருக்கு எஞ்சியது ஏழைகளை அடைத்துவைத்த வொர்க்ஹவுஸ். கன்னியர் மருத்துவமனை இப்படி விடுபட்ட நீண்டகால நோயாளிகளுக்கு, முதலில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், கட்டில் போட்டது. வெற்றிக் கணக்குக் காட்ட முடியாத நோயாளியையும் ஏற்றுக்கொள்வது மருத்துவக் கோட்பாடாக வரவில்லை. வழிபாட்டிலிருந்து வந்த பழக்கம் அது. மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில், இறுதித் தீர்ப்பு நாளில் நோயுற்றவரைப் பற்றிக் கேட்கப்படுவது அவரைப் பார்க்கப் போனாயா என்பது மட்டுமே. குணமாக்கினாயா என்று அங்கே கேள்வியில்லை.

வடமேற்கு லண்டனின் கிங்ஸ்பரியில் இருப்பவர்களுக்கு இந்த மருத்துவமனை ஜூபிலி ரயில் பாதையில் ஒன்பதாவது நிறுத்தம். அதே பாதையில் மூன்றாவது நிறுத்தமான டாலிஸ் ஹில்லிலும் ஒரு கத்தோலிக்க மருத்துவமனை இருந்தது என்பது அங்கே பிற்பாடு குடியேறிய பலருக்குத் தெரியாது. டாலிஸ் ஹில் லேனில் 1913இல் திறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் அது. திறந்த மறு ஆண்டே முதல் உலகப் போர் வந்து, காயமடைந்த சிப்பாய்கள் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். ‘இறையன்னையின் ஏழைப் பணியாளர்’ சபைச் சகோதரிகள் அதை நடத்தினார்கள். அந்தச் சபையை நிறுவிய ஃபிரான்சஸ் டெய்லரும் கிரிமியாவில் இருந்தவரே. ஆங்கிலிக்கன் போதகர் ஒருவரின் மகளான அவர் 22 வயதில் தொண்டராகப் போனார். சாகக் கிடந்த ஐரிஷ் வீரர்களின் பக்தி அவர் மனத்தை அசைத்தது. 1855இல் கத்தோலிக்கரானார். திரும்பி வந்து தன் அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார், பத்திரிகை நடத்தினார், பின்பு லண்டனின் ஏழைப் பெண்களுக்கான பணியில் இறங்கிச் சபையைத் தொடங்கினார். 1900இல் அவர் மறைந்தார். டாலிஸ் ஹில்லில் அவருடைய சகோதரிகள் நடத்திய மருத்துவமனை 60 ஆண்டுகள் இயங்கி 1973இல் மூடியது.

இத்தகைய சிறிய மருத்துவமனைகளுக்கு 1948 ஜூலை 5 ஒரு பெரிய திருப்பம். அன்று தேசியச் சுகாதார சேவையான என்.எச்.எஸ். நடைமுறைக்கு வந்தது, நாட்டின் நன்கொடை மருத்துவமனைகளில் மிகப் பெரும்பாலானவை ஒரே நாளில் அரசுடைமையாயின. மதத் தொடர்புள்ள மருத்துவமனை அரசிடம் வந்தால் அதன் மத இயல்பையும் நிர்வாகத்தில் கருத வேண்டும் என்று 1946ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. ஆனாலும் செயின்ட் ஜான் – செயின்ட் எலிசபெத் வெளியே நிற்பதையே தேர்ந்துகொண்டது. பணம் கேட்காத அரசு மருத்துவமனை அடுத்த தெருவில் இருக்கும்போது கட்டணம் வாங்கும் மருத்துவமனை எந்த வகையில் ஏழைகளுக்கானது என்ற சங்கடமான கேள்வி அன்றிலிருந்து அதைத் தொடர்கிறது. அது கண்டுபிடித்த விடையைக் கீழே பார்க்கலாம்.

இந்தியத் துணைக்கண்டத்தில் இந்த மரபு வேறு தடையைத் தாண்ட வேண்டியிருந்தது. நோயாளிக்குச் சோறூட்டலாம், காயம் கட்டலாம். ஆனால் கன்னியர் மருத்துவராகப் பணிசெய்வதையும் பிரசவம் பார்ப்பதையும் திருச்சபையின் விதிகள் அனுமதிக்கவில்லை. ஆண் மருத்துவரிடம் காட்டுவதைவிடச் சாவதே மேல் என்று வீட்டுக்குள் இருந்த பெண்களுக்கோ பெண் மருத்துவர்தான் தேவை. ஸ்காட்லாந்து மருத்துவர் ஆக்னஸ் மக்லாரன் இந்தத் தடையை நீக்கும்படி ரோமுக்கு மன்றாடிக்கொண்டேயிருந்தார். 1913இல் அவர் இறக்கும்வரை பலிக்கவில்லை. அவரால் தூண்டப்பட்டு மருத்துவம் படித்த ஆஸ்திரியப் பெண் அன்னா டெங்கல், ராவல்பிண்டியில் பணியாற்றிவிட்டு 1925இல் மருத்துவப் பணிச் சகோதரிகள் சபையை நிறுவினார். 1936இல்தான் ரோம் முழு அனுமதி தந்தது. அதற்கும் முன்பே சிறப்பு அனுமதி பெற்றுப் பணியாற்றியவர் ஆஸ்திரேலிய மருத்துவர் மேரி குளோரி. அவர் 1920இல் குண்டூருக்கு வந்து கன்னியரானார். 1943இல் அவர் முன்னின்று தொடங்கிய அமைப்பே இன்றைய இந்தியக் கத்தோலிக்க நலவாழ்வுச் சங்கம். அதில் 3,500க்கு மேற்பட்ட நிறுவனங்கள் உறுப்பினர். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ‘மிஷன் ஆஸ்பத்திரி’ என்று மக்கள் சொல்லும் பல இடங்களின் பின்னணி இதுதான். தடையை நீக்கத் திருச்சபைக்கு இத்தனை காலம் பிடித்ததில் எத்தனை தாய்மார் செத்திருப்பார்கள் என்ற கேள்வி அந்த வரலாற்றிலேயே இருக்கிறது.

கத்தோலிக்க மருத்துவமனையைப் பிறவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது சில செயல்களை அது செய்ய மறுப்பதுதான் என்று வெளியே பலர் நினைக்கிறார்கள். மறுப்புகள் உண்மையே: கருக்கலைப்பு, குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை, கருணைக்கொலை ஆகியவை அங்கே நடப்பதில்லை. ஆனால் அந்த அறநெறியின் மறுபாதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1957இல் மருத்துவர்களுக்கு ஆற்றிய இரண்டு உரைகள் இன்றும் அடிப்படையாக இருக்கின்றன. பிப்ரவரியில் பேசியபோது, வலியைத் தணிக்கும் நோக்கில் தரும் மருந்து ஆயுளைச் சற்றுக் குறைக்கக்கூடும் என்றாலும், வேறு வழியில்லையெனில் அதைத் தரலாம் என்றார். சாகடிப்பது நோக்கமாக இருக்கக் கூடாது. நவம்பரில், செயற்கைச் சுவாசக் கருவிகள் புழக்கத்துக்கு வந்த புதிதில், நோயாளிக்குப் பெருஞ்சுமையாகிவிடும் அசாதாரணச் சிகிச்சைகளைத் தொடரக் கடமையில்லை என்றார். உயிரை எப்பாடுபட்டாவது இழுத்துப் பிடிக்க வேண்டும் என்பது கத்தோலிக்கக் கொள்கை என்று நம்புகிறவர்களுக்கு இது வியப்பாக இருக்கும்.

அந்த உரைகளுக்கு அடுத்த ஆண்டே லண்டனில் அவற்றுக்கு ஒத்த ஒரு வேலை தொடங்கியது. கிழக்கு லண்டன் ஹாக்னியில் 1905 முதல் ஐரிஷ் சகோதரிகள் நடத்திவந்த செயின்ட் ஜோசப் ஹாஸ்பிஸ், சாகும் தறுவாயில் உள்ள ஏழைகளுக்கான இல்லம். அங்கே அன்பு நிறைய இருந்தது. மருத்துவ ஆராய்ச்சி இல்லை. 1958இல் சிசிலி சாண்டர்ஸ் என்ற ஆங்கிலிக்கன் மருத்துவர் வந்தார். வலி தாங்காமல் நோயாளி கெஞ்சிய பிறகு ஊசி போடும் வழக்கத்தை அவர் மாற்றினார். வலி தலைதூக்கும் முன்பே, குறித்த நேர இடைவெளியில் மார்ஃபின் வகை மருந்து கொடுத்து, விளைவைக் குறித்து வைத்தார். நோயாளிகள் மயங்கிக் கிடக்கவில்லை, தெளிவாகப் பேசினார்கள். போதைக்கு அடிமையாவார்கள் என்ற அச்சமும் பொய்த்தது. 1967இல் அவர் நிறுவிய செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸிலிருந்து இந்த முறை உலகெங்கும் பரவியது. இந்தியாவின் முதல் ஹாஸ்பிஸான மும்பை சாந்தி அவேதனா சதன் 1986இல் தொடங்கியபோது அங்கும் பராமரிப்பை ஏற்றவர்கள் கன்னியரே. குணமாகாதவரைக் கைவிடாத பழைய பழக்கம் இப்படி ஒரு தனி மருத்துவத் துறையாக வளர்ந்தது. நவீன மருத்துவத்துக்குக் கத்தோலிக்க மருத்துவமனைகள் தந்தவற்றில் இதற்கு இணையாக வேறொன்றைச் சொல்வது கடினம்.

செயின்ட் ஜான் – செயின்ட் எலிசபெத் கண்டுபிடித்த விடையும் இதுதான். 1984இல் அது தன் வளாகத்திலேயே செயின்ட் ஜான்ஸ் ஹாஸ்பிஸைத் திறந்தது. மருத்துவமனையில் அறுவைக்கும் பரிசோதனைக்கும் வசதி படைத்தவர்களும் காப்பீடு வைத்திருப்பவர்களும் செலுத்தும் பணத்தில் மிஞ்சுவது ஹாஸ்பிஸுக்குப் போகிறது. அங்கே நோயாளியிடம் கட்டணம் வாங்குவதில்லை. மதம் கேட்பதுமில்லை. கத்தோலிக்கர் கேட்டால் குருவானவர் வந்து நற்கருணையும் நோயில் பூசுதலும் தருவார்.

பணத்தையும் கொள்கையையும் ஒரே கூரையின்கீழ் வைத்திருப்பது எப்போதும் சுமுகமாக நடந்ததில்லை. 2007இல் மருத்துவமனையின் திருத்திய அறநெறிக் கோவையைச் சுற்றிப் பெரிய சர்ச்சை எழுந்தது. கருத்தடை, கருக்கலைப்புக்கான பரிந்துரை போன்றவற்றைச் சராசரி ஆங்கிலேய நோயாளி சாதாரணமாக எதிர்பார்க்கிறார். அந்த வளாகத்தில் இயங்கும் மருத்துவர் எதுவரை போகலாம் என்பதே சிக்கல். 2008 பிப்ரவரியில் அப்போதைய வெஸ்ட்மின்ஸ்டர் பேராயர் கர்தினால் கார்மக் மர்ஃபி-ஓகானர் நிர்வாகக் குழுவைப் பதவி விலகச் சொன்னார். புதிய குழு அமைந்தது. கன்னியர் தாங்களே வார்டில் நின்று நடத்திய காலத்தில் இப்படியொரு கோவையை எழுதிவைக்கும் தேவையே பெரிதாக எழவில்லை. அவர்கள் எண்ணிக்கை குறைந்து, சம்பளத்துக்குப் பணிபுரியும் பல மதத்தவரும் மதமற்றவரும் மருத்துவமனையை நிரப்பிய பின், நடத்தையில் இருந்ததைத் தாளில் எழுத வேண்டி வந்தது.

சட்டமும் இந்தச் சிக்கலைத் தீர்த்து வைக்கவில்லை. 1967ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, மனச்சான்று இடம் தராத மருத்துவரும் தாதியும் விலகிக்கொள்ள உரிமை தருகிறது. அந்த உரிமை தனி ஆட்களுக்கானது. ஒரு மருத்துவமனைக்கு, ஒரு நிறுவனம் என்ற முறையில், மனச்சான்று உண்டா என்று அது பேசவில்லை. நோய் முற்றி மரணத்தை எதிர்நோக்குவோர் மருத்துவ உதவியோடு உயிரை முடித்துக்கொள்ள வழிசெய்யும் மசோதா 2025 ஜூன் 20 அன்று பிரிட்டிஷ் மக்களவையில் 314க்கு 291 என்ற வாக்குகளில் நிறைவேறிப் பிரபுக்கள் அவைக்குப் போனபோது, கத்தோலிக்க ஹாஸ்பிஸ்கள் எழுப்பிய கேள்வியும் இதுவே: தன் கூரையின்கீழ் அது நடக்கக் கூடாது என்று சொல்லும் உரிமை, வார்டில் நிற்கும் தாதிக்கு இருப்பதுபோல, அந்த இல்லத்துக்கும் இருக்குமா?