இணையத்தில் எம்மைத் தேடுவோருக்கு நாம் அகப்படுகின்றோமா?

2011ஆம் ஆண்டு தை மாதம் முதலாந் திகதி, யூலன்ட் நிலப்பரப்பின் பெருநகராகிய ஓகூஸ் தனது பெயரை எழுதும் முறையை மாற்றிக் கொண்டது. 1948ஆம் ஆண்டின் டெனிஸ் எழுத்துச் சீர்திருத்தத்தின் வழிவந்த, தலையில் சிறு வட்டம் சூடிய எழுத்தைக் கைவிட்டு, அதற்கு முன்னர் வழங்கிய இரட்டை 'ஏ' எழுத்துக்கே நகரசபை திரும்பிச் சென்றது. பிறநாட்டவரின் விசைப்பலகைகளில் அந்த வட்ட எழுத்து இல்லை, இணையத்தில் தேடுவோருக்கு அது தடையாக நிற்கின்றது என்பது அப்போது கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. மொழிப்பற்றுடையோர் மத்தியில் விவாதம் எழாமல் இல்லை. ஆயினும், தேடி வருபவன் எந்த எழுத்தைத் தட்டுவான் என்று சிந்தித்து ஒரு பெருநகரமே தன் பெயர்ப்பலகையைத் திருத்திக் கொண்டது.

இச்செய்தியை இங்கு நினைவுபடுத்துவதற்குக் காரணம் உண்டு. நாம் வாழும் இந்நாட்டில் எமது சங்கங்கள், தமிழ்ப் பாடசாலைகள், ஆலயங்கள், விளையாட்டுக் கழகங்கள் எத்தனையோ இணையப்பக்கங்களை ஆக்கி வைத்திருக்கின்றன. அவற்றுள் பலவற்றைத் தேடுபொறியில் தேடினால் அகப்படுவதில்லை. உள்ளே நல்ல விடயங்கள் இருக்கின்றன. வெளியே மட்டும் பெயர் இல்லை.

அண்மையில் எமக்குத் தெரியவந்த ஒரு சம்பவம். மேற்கு யூலன்டில் ஒரு நகருக்குப் புதிதாகக் குடிவந்த தாயொருவர், தமது பிள்ளைக்குத் தமிழ் வகுப்பு உண்டா என்று இணையத்தில் தேடியிருக்கின்றார். எதுவும் கிடைக்கவில்லை. ஆகவே சனிக்கிழமை தோறும் நாற்பது நிமிடம் கார் ஓடி வேறொரு நகரத்து வகுப்புக்குப் பிள்ளையைக் கொண்டு சென்றார். ஏறத்தாழ ஓராண்டு கழிந்த பின்னர், ஒரு பிறந்தநாள் வைபவத்தில் பேச்சுவாக்கிலேதான், தமது வீட்டிலிருந்து பத்து நிமிடத் தொலைவில் ஒரு தமிழ்ப் பாடசாலை நடைபெறுவதை அறிந்தார். அப்பாடசாலைக்கு இணையப்பக்கம் இல்லாமல் இல்லை. நேர அட்டவணை, பரீட்சை விபரம், கலைவிழாப் படங்கள் யாவும் அதில் இருந்தன. பக்கத்தின் தலைப்பு மாத்திரம் ஆங்கிலத்தில் 'நியூ பேஜ் 1' என்று இருந்தது.

தலைப்பு என்று நாம் இங்கு கூறுவது, பக்கத்தின் உள்ளே பெரிய எழுத்தில் தோன்றும் வரவேற்பு வாசகத்தை அன்று. பக்கத்தின் குறிமொழியில் அதற்கென ஓரிடம் உண்டு. உலாவியின் மேல்விளிம்பில் தெரிவதும், தேடுபொறியின் விடைப்பட்டியலில் நீலநிறத்தில் முதல்வரியாக வருவதும் பெரும்பாலும் அதுவே. அதன் கீழே சிறிய எழுத்தில் இரண்டொரு வரி விபரம் வரும். இப்பக்கம் எதனைப் பற்றியது என்று தேடுபொறி முடிவு செய்யும்போது தலைப்பைக் கவனத்திற் கொள்கின்றது; மனிதரும் அதனைப் பார்த்தே உள்ளே நுழைவதா, கடந்து போவதா என்று முடிவு செய்கின்றனர். 'பிரண்ட்பேஜ்' என்ற மென்பொருளில் பக்கம் ஆக்கிய காலத்தில், ஆக்கியவர் தலைப்பிட மறந்தால் அம்மென்பொருள் தானாகவே 'நியூ பேஜ் 1' என்று இட்டுவிடும். வேறொரு மென்பொருள் 'தலைப்பிடப்படாத ஆவணம்' என்று ஆங்கிலத்தில் இடும். உலகெங்கும் எண்ணற்ற பக்கங்கள் இன்னமும் அப்பெயர்களையே தாங்கி நிற்கின்றன. பிள்ளைக்குப் பெயர் வைக்க மறந்து, வைத்தியசாலைத் துண்டில் இருந்த இலக்கத்தையே பெயராக விட்டதற்கு ஒப்பானது இது.

எம்மவர் விடயத்தில் இதற்கு இன்னுமொரு காரணமும் உண்டு. அது பாமினி.

தொண்ணூறுகளின் பிற்பகுதியிலும் அதன் பின்னரும் ஈழத்தமிழர் பலர் கணனியில் தமிழ் எழுதப் பயன்படுத்திய எழுத்துரு பாமினி. அந்நாளில் எமக்குக் கைகொடுத்த எழுத்துரு அது. அதனைக் குறைகூற எமக்கு மனமில்லை. ஆனால் அதன் உட்செயற்பாட்டை விளங்கிக் கொள்ள வேண்டும். பாமினியில் 'தமிழ்' என்ற சொல்லை எழுதினால் கணனியின் உள்ளே பதிவாவது தமிழ் எழுத்துக்கள் அல்ல. ஆங்கிலத்தின் ஜே, கே, பீ, ஓ என்ற நான்கு எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமே பதிவாகின்றன. எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுகின்றது. அவ்வெழுத்துரு இல்லாத கணனியில் போர்வை விலகிவிடும். தேடுபொறிக்கோ போர்வை கண்ணிலேயே படாது. அது வாசிப்பது அடியில் உள்ள ஆங்கில எழுத்துக் குவியலைத்தான். உலாவியின் மேல்விளிம்பிலும் பாமினி எழுத்துருவைப் பயன்படுத்த முடியாதிருந்தபடியால், எம்மவர்கள் தலைப்பை ஆங்கிலத்தில் எழுதினார்கள், அல்லது எழுதாமலே விட்டார்கள்.

யூனிக்கோட் எனப்படும் ஒருங்குறி 1991இல் முதன்முதல் வெளிவந்தபோதே அதில் தமிழுக்கு இடம் இருந்தது. எனினும் சாதாரண மக்களின் கணனிகளில் அது பரவுவதற்கு விண்டோஸ் 2000 போன்ற இயங்குதளங்களின் வரவு வேண்டியிருந்தது. ஒருங்குறியில் 'த' என்றால் எந்த நாட்டில், எந்தக் கணனியில் திறந்தாலும் 'த' தான். ஆகவே பழைய பக்கங்களை வைத்திருப்போர் முதலில் செய்ய வேண்டியது, பாமினியை ஒருங்குறிக்கு மாற்றுவதாகும். அதற்கான மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. முழுப்பக்கத்தையும் மாற்ற நேரமில்லையெனின் தலைப்பையும் விபரத்தையுமாவது இன்றே ஒருங்குறியில் எழுதி விடலாம். ஒரு மாலைப்பொழுதுக்குரிய வேலை.

இனி, தலைப்பை எப்படி எழுதுவது? முதலாவதாக, தேடுபவர் தட்டும் சொல் தலைப்பில் இருக்க வேண்டும். 'நல்வரவு', 'முகப்பு', 'எமது இல்லம்' என்பன மரியாதையான சொற்களே. ஆனால் அவற்றைத் தட்டி எவரும் பாடசாலை தேடுவதில்லை. நகரின் பெயர், நிறுவனத்தின் வகை, அதன் பெயர் ஆகிய மூன்றும் போதும். முக்கியமான சொல் முன்னே வரட்டும். விடைப்பட்டியலில் தலைப்புக்குக் கிடைக்கும் இடம் எழுத்துக் கணக்கில் அன்றி அகலத்தில் அளவிடப்படுவது. எமது எழுத்துக்களோ அகலமானவை. நீண்ட தலைப்பின் வால் அறுந்து போகும். 'டென்மார்க் வாழ் தமிழ் மக்களின் கலை கலாசார' என்று தொடங்கும் பெயர்களில் ஊரின் பெயரும் சங்கத்தின் பெயரும் அறுந்த வாலுடன் போய்விடுவதை நாம் கண்டிருக்கின்றோம்.

தமிழுக்கே உரிய சிக்கல்கள் சில உள. டெனிஸ் மொழியில் ஓர் ஊரின் பெயர் பெரும்பாலும் அப்படியே நிற்கும். தமிழிலோ அது கேர்ணிங்கில், கேர்ணிங்கின், கேர்ணிங்குக்கு என்று வேற்றுமை ஏற்று உருமாறும். இன்றைய தேடுபொறிகள் இவற்றை ஓரளவு இனங்காண்கின்றன எனினும் அதனை நம்பியிருத்தல் தகாது. 'கேர்ணிங்கில் இயங்கும்' என்று எழுதுவதனை விட 'கேர்ணிங் தமிழ்ப் பாடசாலை' என்று வேர்ச்சொல்லாகவே எழுதுதல் நன்று. அதிலும், கேர்ணிங் என்று எழுதுவோர் உளர். ஹேர்னிங் என்று எழுதுவோரும் உளர். ஒன்றைத் தலைப்பிலும் மற்றையதை விபரத்திலும் வைத்தால் இருசாராருக்கும் வழி கிடைக்கும்.

கண்ணுக்குத் தெரியாத பிழைகளும் உண்டு. 'ஔவையார்' என்பதை ஔகாரத்துடன் எழுதாமல் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டுவோர் பலர். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும்; உள்ளே அவை வேறு வேறு எழுத்துக்கள். ஆலயப் பெயர்களில் வரும் 'ஸ்ரீ' இன்னும் விசித்திரமானது. அதனை ஒருங்குறியில் இரு வேறு எழுத்து வரிசைகளால் ஆக்க முடியும், திரையில் வேறுபாடு தெரியாது. கேர்ணிங்கிலும் பிறண்டாவிலும் உள்ள எமது ஆலயங்களைத் தேடுவோர் எந்த வரிசையைத் தட்டுவார்கள் என்பதை எவராலும் கூற முடியாது. ஆகவே 'ஸ்ரீ' இல்லாமலும் ஒருமுறை, விநாயகர் ஆலயம், அபிராமி அம்மன் ஆலயம் என்று விபரத்தில் எழுதி வைப்பதே பாதுகாப்பானது. சுவாமி கோபிக்க மாட்டார்.

விபரம் எழுதுவதற்கு எமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. எமது பத்திரிகைகளில் வரும் மரண அறிவித்தலைப் பாருங்கள். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், டென்மார்க்கில் இன்ன நகரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் இன்ன திகதியில் காலமானார். அன்னார் இன்னாரின் கணவர், இன்னாரின் தந்தை. இரண்டே வசனங்களில் ஊர், நாடு, நகர், பெயர், காலம், உறவு யாவும் வந்துவிடுகின்றன. உலகின் எம்மூலையில் இருக்கும் உறவினரும் இவர் நம்மவரா என்று உடனே அறிந்து கொள்கின்றார். இணையப்பக்கத்தின் விபரம் செய்ய வேண்டிய பணியும் இதுவே. எங்கே, யார், என்ன, யாருக்காக என்பவற்றை இரண்டு வசனங்களில், ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியே எழுத வேண்டும். எல்லாப் பக்கங்களுக்கும் ஒரே விபரத்தை ஒட்டுவது, எல்லா மரண அறிவித்தல்களுக்கும் ஒரே பெயரை இடுவது போலாகும்.

சிலர் இன்னமும் நூறு சொற்களை நிரல்படுத்திக் குறிச்சொற் பட்டியல் என்று பக்கத்தின் குறிமொழியில் ஒளித்து வைக்கின்றனர். அது வீண்முயற்சி. அப்பட்டியலைத் தரவரிசைக்குத் தாம் பயன்படுத்துவதில்லை என்று கூகிள் நிறுவனம் 2009இலேயே அறிவித்துவிட்டது. விபரமும் தரவரிசையை உயர்த்தாது என்று அதே அறிவித்தலில் கூறப்பட்டது. ஆயினும் விடைப்பட்டியலில் அது காட்டப்படக்கூடும் என்பதால், வாசிக்கும் மனிதருக்காக அதனை எழுத வேண்டும். பொருத்தமற்ற தலைப்பு எனத் தான் கருதுவதை நீக்கிப் பக்கத்தின் உள்ளிருந்து வேறொரு வரியை எடுத்துக் காட்டவும் கூகிள் தலைப்பட்டுள்ளது. நாம் பெயர் வைக்காவிடின் இயந்திரம் வைக்கும்.

எந்த மொழியில் எழுதுவது என்று சிலர் எம்மிடம் வினவினர். எமது பிள்ளைகளுள் பலர் தேடுவது டெனிஸ் மொழியிலேயே. தமிழ்ப் பாடசாலையை அவர்கள் 'தமில்ஸ்க் ஸ்கோல' என்றுதான் தட்டுவார்கள். ஆகவே தமிழ்த் தலைப்பை அடுத்து ஒரு சிறு கோடிட்டு டெனிஸ் சொல்லையும் இடுதல் வேண்டும். இது தமிழுக்குச் செய்யும் இழுக்கு என்று நாம் கருதவில்லை. தமிழ் வகுப்புக்குப் பிள்ளை வந்து சேர்வதே முக்கியம்.

ஒரு விடயத்தில் மாத்திரம் எச்சரிக்கை தேவை. கண்டெடுக்கப்பட வேண்டியவை சங்கமும் பாடசாலையும் ஆலயமுமே. பிள்ளைகளின் முழுப்பெயர்கள் அல்ல. தஞ்ச வழக்கு முடியாதவர்களின் பெயரையும் படத்தையும் தலைப்பிலோ விபரத்திலோ எழுதாதீர்கள். பின்னர் நீக்கினாலும் தேடுபொறி மீண்டும் வந்து பார்க்கும் வரை பழைய தலைப்பு அங்கே நிற்கும்.

பெயரிடுதலின் பயனைக் கண்ணாரக் காண விரும்புவோர் 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகத்தைப் பார்க்கலாம். ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் பத்திரிகைகளும் அங்கு படமெடுத்துச் சேர்க்கப்பட்டுள்ளன. ஒரு சஞ்சிகையின் ஒவ்வோர் இதழுக்கும் தனிப்பக்கம்; தலைப்பில் சஞ்சிகையின் பெயரும் ஆண்டும் மாதமும். உள்ளே அவ்விதழின் பொருளடக்கம் ஒருங்குறியில் தட்டச்சிடப்பட்டிருக்கும். படத்தைத் தேடுபொறி வாசிக்காவிடினும் பொருளடக்கத்தை வாசித்துவிடும். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அந்த இழப்பை அறிந்தவர்களுக்கு, இருப்பதற்குப் பெயரிட்டு வைப்பதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

டென்மார்க்கிலும் சேமிப்பு உண்டு. 2005 யூலை முதல் நடைமுறையில் உள்ள சட்டத்தின் கீழ் இந்நாட்டு இணையப்பக்கங்கள் தேசிய நூலகத்தினால் திரட்டி வைக்கப்படுகின்றன. ஆய்வாளர்களுக்கே அது திறக்கப்படும். எமது பழைய பக்கங்களுள் எவை அதிற் சேர்ந்திருப்பினும், பாமினியில் இருந்தவை பாமினியாகவே, ஆங்கில எழுத்துக் குவியலாகவே அங்கு கிடக்கும்.

இதனால் இழப்பது வகுப்பு நேரங்களை மட்டும் அல்ல. 1987 முதல் நீதி அமைச்சர் எரிக் நின் ஹான்சன் தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களைச் சட்டவிரோதமாக முடக்கி வைத்ததும், அதன் விளைவாக 1993 தை மாதத்தில் போல் சுலூத்தரின் அரசாங்கம் பதவி விலகியதும், 1995இல் அரச விசேட நீதிமன்றம் முன்னாள் அமைச்சருக்கு ஒத்திவைக்கப்பட்ட நான்கு மாதச் சிறைத்தண்டனை விதித்ததும் டெனிஸ் மொழியில் வேண்டிய அளவு எழுதப்பட்டுள்ளன. பாடசாலைக் கட்டுரைக்காக எமது பிள்ளைகள் தேடும்போது அவையே வருகின்றன. அமைச்சர் வருகின்றார், நீதிபதி வருகின்றார். காத்திருந்த குடும்பங்கள் வருவதில்லை.

அக்குடும்பத் தலைவர் ஒருவர், மனைவியும் இரு பிள்ளைகளும் வந்து சேரும் வரை தாம் கழித்த நாட்களைப் பல ஆண்டுகளுக்கு முன்னரே எழுதி, ஒரு சங்கத்தின் பக்கத்தில் வெளியிட்டிருந்தார். பாமினியில் ஒன்பது பந்திகள். தலைப்பு 'பேஜ் 3'. கடந்த மாதம் நாம் அதனை ஒருங்குறிக்கு மாற்றி, 'டென்மார்க் தமிழர் வழக்கு: குடும்ப இணைவுக்காகக் காத்திருந்த ஒரு தந்தையின் நினைவுகள்' என்று தலைப்பிட்டு, டெனிஸ் மொழியில் ஒரு வரி விபரமும் சேர்த்து அவரிடம் காட்டினோம். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து கொண்டு இருமுறை வாசித்தார். "எல்லாம் சரி தம்பி, ஆனா 1988 எண்டு ஆண்டைப் போடேல்லையே" என்றார். "பிள்ளையள் ஆண்டை வைச்சுத்தான் தேடுவினம்."

ஆண்டைத் தலைப்பின் முன்னே போட்டோம்.