மரத்தைச் சேதப்படுத்தியது எந்த விலங்கு? தடயங்களைக் கொண்டு அறிவது எப்படி?

பெங்களூரு: காட்டை ஒட்டிய தோப்பில் ஒரு மரத்தின் பட்டை உரிந்திருந்தாலோ, தண்டில் கீறல்கள் தென்பட்டாலோ, சிறுத்தை வந்துவிட்டது என்ற அச்சம்தான் பெரும்பாலும் முதலில் எழுகிறது. ஆனால், மானின் கொம்பும் முள்ளம்பன்றியின் பல்லும் யானையின் தந்தமும் கூட மரங்களில் காயங்களை ஏற்படுத்துகின்றன. காயத்தின் உயரம், வடிவம், மரத்தடியில் கிடக்கும் தடயங்கள் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எந்த விலங்கு என்பதைப் பெருமளவு கணிக்க முடியும்.

பெங்களூருவின் தெற்கு எல்லையை ஒட்டி அமைந்துள்ள பன்னேர்கட்டா தேசியப் பூங்காவில் யானை, சிறுத்தை, கரடி, கடமான், புள்ளிமான், காட்டுமாடு, முள்ளம்பன்றி ஆகியவை வாழ்கின்றன. இங்குள்ள யானைகள் தமிழகத்தின் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வனப்பகுதிகளுக்கும் சென்று வருகின்றன. 2023ஆம் ஆண்டு கணக்கெடுப்பின்படி 6,395 யானைகளுடன் நாட்டிலேயே அதிக யானைகள் உள்ள மாநிலம் கர்நாடகம் ஆகும்.

உயரத்தைக் கவனிக்க வேண்டும்

தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குள் பட்டை கடிக்கப்பட்டிருந்தால், முள்ளம்பன்றியின் மீது சந்தேகம் கொள்ளலாம். இந்திய முள்ளம்பன்றி மரம் ஏறுவதில்லை. உளியால் செதுக்கியது போன்ற அகலமான பல் தடங்கள் அடிமரத்தில் அருகருகே காணப்படும்.

மனிதனின் இடுப்பு அல்லது மார்பு உயரத்தில் பட்டை தேய்ந்திருந்தால், அது பெரும்பாலும் மான்களின் செயலாகும். ஆளுயரத்துக்கும் மேலே பட்டை நீண்ட கீற்றுகளாக உரிந்து, கிளைகளும் முறிந்திருந்தால் யானை வந்து சென்றிருக்கிறது என்று கொள்ளலாம். யானைகள் பட்டையைத் தந்தத்தால் குத்திப் பெயர்த்து, துதிக்கையால் இழுத்து உரித்து உண்கின்றன. சேற்றில் புரண்ட யானை உடலை உரசிய மரத்தில், காய்ந்த சேறும் உயரமான இடத்தில் ஒட்டியிருக்கும்.

கொம்பா, பல்லா?

ஆண் மான்களின் கொம்புகள் ஆண்டுதோறும் உதிர்ந்து மீண்டும் வளர்கின்றன. வளரும்போது கொம்பின் மீது மூடியிருக்கும் மெல்லிய தோலை நீக்கவும், வாசனை அடையாளம் இடவும் அவை மரங்களில் கொம்பை உரசுகின்றன. அந்த இடத்தில் பட்டை நார்நாராகக் கிழிந்து தொங்கும், பல் தடம் இருக்காது.

பட்டையை உண்ணும்போது ஏற்படும் காயம் வேறு விதமானது. மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. எனவே, கீழ்ப்பற்களால் பற்றி இழுக்கும் பட்டை ஒழுங்கற்ற விளிம்புடன் பிய்ந்து வரும். ஓரம் நேராகவும் கூர்மையாகவும் வெட்டுப்பட்டிருந்தால், அது மானின் செயலாக இருக்க வாய்ப்பில்லை. அரிவாள் அல்லது கோடரியால் வெட்டப்பட்டிருக்கலாம்.

நகத் தடங்கள்

சிறுத்தை மரத்தில் கீறும்போது பொதுவாக நான்கு கோடுகள் அருகருகே, மெல்லியதாகவும் செங்குத்தாகவும் பதியும். கரடியின் முன்னங்காலில் நீண்டு வளைந்த ஐந்து நகங்கள் உள்ளன. அது தேனடையைத் தேடி மரம் ஏறும்போது, நகங்கள் ஊன்றிய குழிகளும் இழுபட்ட கோடுகளும் தண்டில் மேல்நோக்கித் தொடர்ச்சியாகக் காணப்படும். அருகில் கரையான் புற்று தோண்டப்பட்டிருந்தால் கரடியின் நடமாட்டம் மேலும் உறுதியாகிறது.

நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும் தேசிய புலிகள் கணக்கெடுப்பிலும் கால்தடம், எச்சம் ஆகியவற்றுடன் மரங்களில் உள்ள நகக்கீறல்கள் பதிவு செய்யப்படுகின்றன.

ஒரு தடயம் மட்டும் போதாது

மழையும் வெயிலும் காயத்தின் தோற்றத்தை மாற்றிவிடும். கடமான் உரசிய மரத்திலேயே பின்னர் வேறொரு விலங்கும் கீறியிருக்கலாம். எனவே, யானை லத்தி, மான் புழுக்கை, உதிர்ந்த முட்கள், கால்தடம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று கிடைத்த பிறகே முடிவுக்கு வருவது முறையாகும். பசை கசியும் ஈரமான காயம் அண்மையில் ஏற்பட்டது என்பதைக் காட்டும்.

தவறாகக் கணித்தால் என்ன ஆகும்?

2023 அக்டோபர் இறுதியில் பெங்களூருவின் சிங்கசந்திரா, கூட்லு கேட் பகுதிகளில் சிறுத்தை ஒன்று நடமாடியதால் மக்கள் அச்சத்தில் ஆழ்ந்தனர். நவம்பர் 1ஆம் தேதி பிடிபட்ட அந்தச் சிறுத்தை உயிரிழந்தது. இத்தகைய சூழலில், மான் உரசிய மரத்தைச் சிறுத்தையின் கீறல் என்று பரப்பினால் வீண் பீதி எழும். யானையின் தடயத்தைக் கவனிக்கத் தவறினாலோ, அதிகாலையில் அதே வழியில் வயலுக்குச் செல்பவரின் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

வன விலங்குகளால் பயிர்ச் சேதமடைந்த விவசாயிகளுக்குக் கர்நாடக அரசு இழப்பீடு வழங்குகிறது. வனத்துறையினர் நேரில் ஆய்வு செய்வதால், தடயங்கள் கலையாமல் இருப்பது விவசாயிகளுக்கே நன்மை தரும். உரிந்த பட்டையை அப்புறப்படுத்தாமல், காயத்தின் அருகே ஓர் அளவுகோலை வைத்துப் புகைப்படம் எடுத்து, வனத்துறைக்குத் தகவல் தெரிவிக்க வேண்டும். கால்தடம் புதிதாக இருந்தால், அதைப் பின்தொடர்ந்து செல்லக் கூடாது.